பக்க ஓரத்தில் ஒரு பட்டியல்

பேசாத படம் என்று பேர்தான். அந்தக் காலத்தில் தியேட்டர்கள் பெரும்பாலும் சத்தமில்லாமல் இருந்ததில்லை. திரைக்குக் கீழே இருட்டில் ஒருவர் பியானோ வாசித்துக்கொண்டே இருப்பார். பெரிய ஊர் என்றால் முழு ஆர்கெஸ்ட்ராவே உட்கார்ந்திருக்கும். சினிமா இசையின் வரலாறு பேசுகிறவர்கள் இவர்களை ஒரே வரியில் தாண்டிப் போவதில் எனக்கு வருத்தம் உண்டு. முக்கியமாக, ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் எர்னோ ராப்பே விஷயத்தில்.

1891-இல் புடாபெஸ்டில் பிறந்து, அமெரிக்கா போனவர். நியூயார்க்கில் 'ராக்ஸி' ராத்தஃபெல் என்ற தியேட்டர் மன்னர் அவரைப் பிடித்துக்கொண்டார். 1927-இல் ராக்ஸி தன் பேரிலேயே கிட்டத்தட்ட 6,000 இருக்கைகளோடு அரங்கம் திறந்தபோது, நூற்றுச் சொச்சம் கலைஞர்கள் முன்னால் குச்சியோடு நின்றது நம்ம ஆள்தான்.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. 1924-இல் அவர் தொகுத்த 'மோஷன் பிக்சர் மூட்ஸ்' புத்தகம். 52 வகை உணர்ச்சிகளுக்கும் காட்சிகளுக்கும் வாசிக்கத் தோதான இசைக்குறிப்புகள். கல்யாணம், சாவு, துரத்தல், ரயில், விமானம், தீயணைப்பு, தாலாட்டு, கடல் புயல் எல்லாம் உண்டு. 'ஓரியண்டல்' என்று ஒரு தலைப்பும் உண்டு. கிழக்கே இருக்கிற நாம் எல்லாரும் அதற்குள் அடக்கம்!

இந்த முழுப் பட்டியலும் பக்க எண்களோடு ஒவ்வொரு பக்க ஓரத்திலும் அச்சாகியிருக்கிறது. ஏன்? வாசிப்பவரின் கண் திரையில், இரண்டு கையும் கட்டையில். கல்யாண வீட்டில் திடீரென்று தீப்பிடிக்கிறது. பொருளடக்கத்தைத் தேடிப் போக நேரம் ஏது? ஓரத்தை ஒரு பார்வை பார்த்து, ஒரு கையால் வாசித்துக்கொண்டே மறுகையால் புரட்ட வேண்டும். இருட்டில் உட்கார்ந்து வாசித்தவனுக்குத்தான் இது தோன்றும்.

"ரெடிமேட் சட்டை, இதில் என்ன கலை?" என்று கேட்பவர்கள் உண்டு. வாரத்தில் இரண்டு மூன்று முறை படம் மாறுகிற சின்ன ஊர் கொட்டகைக்கு, அளவெடுத்து யார் தைத்துத் தருவார்கள்? தலைவர் யாராவது இறந்தால் தூர்தர்ஷனில் ஷெனாய் கேட்குமே, நம் காதுக்குள்ளும் அப்படி ஒரு பட்டியல் இருக்கத்தானே செய்கிறது.

சொந்தமாகவும் மெட்டுப் போட்டார். இசையமைப்பாளர் லூ பொல்லாக்கோடு சேர்ந்து 1926-இல் 'சார்மேன்', அடுத்த வருஷம் 'டயான்'. இரண்டும் பேசாத படங்களின் கதாநாயகிகள் பேர். 1964-இல் 'டயான்' பிரிட்டனின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கே வந்தது. மகத்தான இசையமைப்பாளர் என்று சொல்ல மாட்டேன். மெட்டு காதில் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.

பிறகு பேசும்படம் வந்தது. கொட்டகைப் பியானோக்காரர்கள் வேலை கொத்துக் கொத்தாகப் போனது. 1932-இல் திறக்கப்பட்ட ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலுக்கு ராப்பே போய்விட்டார். 1945-இல் சாகும்வரை நியூயார்க்தான்.

பியானோ தெரிந்த நண்பர்கள் யாராவது ஒரு பழைய படத்தைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, அந்தப் புத்தகத்தைப் பார்த்து வாசித்து வீடியோ போடுங்களேன். முதல் ஆளாக வந்து பார்க்கிறேன். பக்கம் புரட்ட மட்டும் யாரையும் துணைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது.