போலந்தில் குப்பை பிரிப்பது: கட்டுரையில் விட்டுப்போனவை

போலந்துத் தலைநகர் வார்சாவுக்குப் புதிதாக வருபவர்களுக்கான உங்கள் கட்டுரையில் "குப்பையைப் பிரித்துப் போடுங்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்.

குப்பைத் தொட்டிகளின் நிறங்கள் இவை: நீலம் காகிதம், மஞ்சள் பிளாஸ்டிக்கும் உலோகமும், பச்சை கண்ணாடி, பழுப்பு உணவுக்கழிவு, கறுப்பு மற்றவை. இது எளிது. குழப்புவது வேறு. பால் அட்டைப்பெட்டி காகிதமல்ல, மஞ்சளுக்குப் போகும். எண்ணெய் ஊறிய பீட்சா அட்டை, கடை ரசீது, கைதுடைத்த டிஷ்யூ மூன்றும் கறுப்புக்கு. உடைந்த கண்ணாடி டம்ளரும் அப்படியே. பச்சையில் பாட்டிலும் ஜாடியும் மட்டும். பழுப்பில் காய்கறித் தோல், டீ சக்கை போடலாம். இறைச்சி, எலும்பு கூடாது. பிளாஸ்டிக் பையோடு போடாமல் கொட்டிவிடுங்கள். ஒருவர் கலந்து போட்டாலும் குடியிருப்பு முழுவதற்கும் குப்பைக் கட்டணம் இரண்டு முதல் நான்கு மடங்கு வரை ஏறலாம். அண்டைவீட்டார் கண்டிப்பாக இருப்பது இதனால்தான்.

2025 அக்டோபர் 1 முதல் பான பாட்டிலுக்கு, காலியாகத் திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும் வைப்புத்தொகையும் உண்டு: 3 லிட்டர் வரையான பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் 1 லிட்டர் வரையான உலோகக் கேனுக்கும் 50 கிரோஷ் (போலந்து நாணயமான ஸ்லோட்டியில் பாதி), திரும்ப நிரப்பும் கண்ணாடி பாட்டிலுக்கு 1 ஸ்லோட்டி. வைப்புத்தொகைச் சின்னம் அச்சிட்டவைக்கு மட்டுமே பணம் கிடைக்கும். தயவுசெய்து நசுக்காதீர்கள், பார்கோடு படிக்க முடியாவிட்டால் கடையில் அவற்றைத் திரும்பப் பெறும் எந்திரம் வெளியே தள்ளிவிடும். ரசீது தேவையில்லை. 200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் பிளாஸ்டிக் பாட்டிலையும் கேனையும் திரும்பப் பெற்றே ஆக வேண்டும், அங்கே வாங்காததாக இருந்தாலும். சின்னம் இல்லாத பிளாஸ்டிக் பாட்டிலை நசுக்கி மஞ்சளில் போடுங்கள்.