அந்த ‘கட்’டுக்கு நடுவில் என்ன நடந்தது?

பைக் டயரை வீட்டிலேயே கையால் மாற்றிவிடலாம், ரொம்ப ஈஸி என்று யாராவது சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “டயரோட ஓரத்தை, அதாவது ‘பீடு’ங்கிற விளிம்பை, ரிம்மிலிருந்து எப்படி இறக்கினீங்க?” பேச்சு அதோடு நின்றுவிடும்.

வீடியோ போடுகிறவர்கள் எல்லாரும் இதே திருட்டுத்தனம்தான். சக்கரம் தரையில் கிடக்கும், காற்றைப் பிடுங்குவார்கள். ஒரு கட். அடுத்த காட்சியில் டயர் ரிம்மை விட்டுத் தொளதொளவென்று நிற்கும், அண்ணன் டயரை நெம்பும் லீவரோடு சிரித்துக்கொண்டிருப்பார். யோவ், அந்த கட்டுக்கு நடுவில்தானய்யா மொத்த வேலையும் இருக்கிறது!

டயரின் ஓரத்துக்குள் இரும்புக் கம்பி வளையம் இருக்கிறது, அதுதான் பீடு. காற்று இறங்கினாலும் அது சட்டென்று நழுவி ஆளைக் கவிழ்க்காமல் இருக்க, ட்யூப்லெஸ் ரிம்மில் அது உட்காரும் இடத்தை ஒட்டி ஒரு சின்ன மேடு வைத்திருப்பார்கள். ஓடும்போது அது உயிர் காக்கும் சமாச்சாரம், மறுக்கவில்லை. ஆனால் வருஷக்கணக்கில் வெயிலில் வெந்து ரிம்மோடு ஒட்டிப்போன டயர், நாம் ஏறி மிதித்தால் அந்த மேட்டைத் தாண்டுமா? குதித்துப் பார்த்தேன். குதிகால்தான் வலித்தது. கடைசியில் பக்கத்து வீட்டு அண்ணனின் புல்லட்டைத் தள்ளி வந்து, அதன் சைடு ஸ்டாண்டை டயர் ஓரத்தில் ஊன்றி, மொத்த வண்டியையும் சாய்த்த பிறகுதான் ‘டொப்’பென்று இறங்கியது. ஒரு பைக்குக்கு டயர் மாற்ற இன்னொரு பைக் வேண்டுமாம்! இன்னொரு பக்கம் வேறு பாக்கி இருக்கிறது.

“கடையில் கொடுக்க வேண்டியதுதானே?” கொடுக்கலாம். வெளியே வாங்கிய டயர் என்றால் ஒருவர் தொடவே மாட்டார். இன்னொருவர் கடப்பாரை மாதிரி ஒன்றை அலாய் ரிம்மில் நேராகச் சொருகி நெம்புவார். பெயிண்ட் உரிந்தால் “எல்லா வண்டிக்கும் வர்றதுதான் சார்” என்பார். பழைய பிளாஸ்டிக் எண்ணெய் கேனை வெட்டி லீவருக்கும் ரிம்முக்கும் நடுவில் வைத்தால் கீறலே விழாது. அதற்கு ஒரு நிமிஷம் ஆகுமா?

கம்பெனிகளைச் சொல்லவே வேண்டாம். லட்ச ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொண்டு பல வண்டிகளில் சென்டர் ஸ்டாண்டைக் காணோம். பின் சக்கரத்தைக் கழற்ற வண்டியை எதில் தூக்கி நிறுத்துவது, மாமரத்திலா? சக்கரத்தின் நடுத் தண்டான ஆக்சிலை உருவினால் இரண்டு பக்கமும் புஷ் என்கிற சின்ன வளையம் உருண்டு ஓடும், எது எந்தப் பக்கம் என்று அதில் ஒரு குறி கூடக் கிடையாது.

மாட்டுவதாவது ஒரு வழிக்கு வரும். சோப்புத் தண்ணீர் தடவி, எதிர்ப்பக்கத்து பீடை முழங்காலால் அழுத்தி ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்கி வைத்தால் லீவருக்கு அதிக வேலை இல்லை. இதைச் சொல்லாமல் “நல்லா பலமா நெம்புங்க” என்று சொல்லிக்கொடுக்கிறவரை என்ன செய்யலாம்?

அப்புறம் காற்று. ட்யூப்லெஸ் டயர் ரிம்மில் போய் உட்கார ஒரே மூச்சில் காற்று பாய வேண்டும். கால் பம்பால் அடித்தால் அடிக்க அடிக்க ஓரம் வழியாக ‘புஸ்’ஸென்று போய்க்கொண்டே இருக்கும். வேறு வழியில்லாமல் சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு, தம்பி ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து பெட்ரோல் பங்குக்குப் போனேன். காற்றடிக்கிற பையன் சக்கரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“வண்டியை எடுத்துட்டு வாங்க சார், அப்பத்தான் அடிப்போம்.”