"என்ஜின் வெடிச்சிருச்சு" என்றால் சரியாக என்ன ஆச்சு?

சில வருடங்களுக்கு முன் நான் போன விமானம் ரன்வேயில் ஓடத் தொடங்கிப் பத்து நொடிகூட ஆகியிருக்காது. சட்டென்று இரைச்சல் அடங்கி பிரேக் பிடித்தது. முன் சீட்டில் போய் முட்டாத குறை. ஒரு எச்சரிக்கை விளக்கு எரிந்தது, பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று விமானி அறிவித்தார். என் பக்கத்தில் நடைபாதை ஓரமாக இருந்தவர் அதற்குள் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "என்ஜின் வெடிச்சிருச்சு. கண்ணால பார்த்தேன், நெருப்பு." ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தது நான். என்ஜின் கூடு ஒரு கீறல் இல்லாமல் அப்படியே இருந்தது.

அவர் வேண்டுமென்று பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னார். ஆனால் மறுநாள் நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறவர்களும் அதே வார்த்தையைத்தானே எடுக்கிறார்கள்? "என்ஜின் கோளாறு" என்பது "வயிற்று வலி" மாதிரி. அஜீரணத்துக்கும் அதையே சொல்லலாம், குடல்வால் வெடித்தாலும் அதையே சொல்லலாம்.

டேக் ஆஃப் வீடியோக்களில் அதிகம் பரவுகிறவற்றை எடுத்துக்கொள்வோம். டம் டம் என்று சத்தம், ஒவ்வொரு சத்தத்துக்கும் என்ஜினின் பின்னாலிருந்து ஒரு தீ நாக்கு. இது பெரும்பாலும் காம்ப்ரசர் சர்ஜ், அதாவது உள்ளே வரும் காற்றை அழுத்தும் பகுதியில் ஏற்படும் தடுமாற்றம். பறவை உள்ளே போனாலோ, வேறு ஏதாவது காரணத்தால் காற்றோட்டம் குலைந்தாலோ, பின்னுக்குப் போக வேண்டிய அழுத்தக் காற்று முன்பக்கம் திரும்பிப் பாயும். கேட்பதற்குப் பீரங்கிதான். ஆனால் த்ரஸ்டைக் (உந்துவிசையைக்) குறைத்தால் பல நேரம் அடங்கிவிடும். என்ஜின் உடையாமலே இருக்கலாம். எரிபொருள் கிடைக்காமல் என்ஜினுக்குள் எரியும் தீ அணைந்து போவது வேறு சங்கதி. அதில் பொதுவாக வெடிச் சத்தம் இருக்காது. உள்ளே ஏதோ முறிந்து சிதறுவது இன்னொன்று.

முறிவதிலும் பெரிய வித்தியாசம் உண்டு. 2016 அக்டோபர் 28, சிகாகோ. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் போயிங் 767 ரன்வேயில் வேகமெடுக்கும்போது வலது என்ஜினின் உள்ளே சுழலும் கனமான டர்பைன் தட்டு உடைந்தது. ஒரு துண்டு இறக்கையைத் துளைத்துக்கொண்டு பறந்து, ஏறக்குறைய 900 மீட்டர் தள்ளி ஒரு கிடங்குக்குள் போய் விழுந்தது. விமானம் தீப்பற்றியது, நின்றது, எல்லோரும் உயிரோடு இறங்கினார்கள். 2021 பிப்ரவரியில் டென்வரிலிருந்து கிளம்பிய யுனைட்டட் போயிங் 777-இல் மேலேறும்போது ஃபேன் பிளேடு (என்ஜினின் முன்னால் சுழலும் விசிறியின் இதழ்) முறிந்தது. முன் கூடு கழன்று ஒரு வீட்டு வாசலில் கிடந்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். பார்க்க இதுதான் பயங்கரம். ஆனால் முறிந்த பிளேடுகளைத் தடுக்க வேண்டிய வளையம் தடுத்துவிட்டது, தங்கள் கறாரான வரையறைப்படி இது "அடங்காத" கோளாறு (துண்டுகள் என்ஜின் உறையைப் பிய்த்துக்கொண்டு வெளியேறுவது) இல்லை என்று அமெரிக்க விசாரணை அமைப்பின் தலைவரே சொன்னார். விமானம் பத்திரமாகத் திரும்பி இறங்கியது. செய்தித் தலைப்புகளில் இரண்டுமே "என்ஜின் வெடிப்பு"தான்.

டேக் ஆஃப் ஓட்டத்தில் விமானி கணக்கில் வைத்திருக்கும் வி1 என்ற வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. "அந்த வேகத்தில் விமானி முடிவெடுக்கிறார்" என்று எழுதுகிறார்கள். இல்லை. நிறுத்துவதானால் அந்த வேகத்துக்குள் முடிவெடுத்து, நிறுத்துவதற்காக விமானியின் கை நகரத் தொடங்கியிருக்க வேண்டும். அதைத் தாண்டினால் ஒரு என்ஜின் போனாலும் பொதுவாகப் பறப்பதுதான் விதி, மீதி ரன்வே நிற்கப் போதாது. இரட்டை என்ஜின் விமானம் ஒன்றை இழந்து, சக்கரத்தையும் உள்ளிழுத்த பிறகு, 100 மீட்டருக்கு 2.4 மீட்டராவது ஏறிக் காட்டினால்தான் சான்றிதழே கிடைக்கும். "கல்லு மாதிரி விழுந்திருக்கும்" என்று எழுதுகிறவர்கள் இந்த ஒரு எண்ணை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது அகமதாபாத் ஏர் இந்தியா விபத்து. 2025 ஜூன் 12 அன்று சாயங்காலத்துக்குள் என் டைம்லைனில் பறவை மோதியது, ஃபிளாப் (மேலெழ உதவும் இறக்கைப் பலகை) இறக்கவில்லை, இரண்டு என்ஜினும் பழுது என்று மூன்று தீர்ப்புகள் வந்துவிட்டன. ஒரு மாதம் கழித்து வந்த முதற்கட்ட அறிக்கை, பறவை நடமாட்டம் குறிப்பிடும்படி இல்லை, ஃபிளாப் சரியான நிலையில்தான் இருந்தது என்றது. இரண்டு என்ஜின்களின் எரிபொருள் ஸ்விட்சுகளும் ஒரு நொடி இடைவெளியில் "ரன்" நிலையிலிருந்து "கட்ஆஃப்" நிலைக்குப் போயின என்றது. ஏன், எப்படி என்று சொல்லவில்லை. உடனே நம் ஆட்கள் ஏன், எப்படி, யார் என்று மூன்றையும் எழுதினார்கள். 260 பேர் இறந்த விஷயம் இது.

சரி, வெளியே இருப்பவர்களை விடுங்கள். உள்ளே இருப்பவர்களுக்கே இது தப்பிப் போகும். 1985 ஆகஸ்ட் 22, மான்செஸ்டர். ஒரு விமானம் ரன்வேயில் ஓடும்போது "தட்" என்று ஒரு சத்தம். டயர் வெடித்திருக்கும் என்று நினைத்த கேப்டன் உடனே நிறுத்தினார், ஆனால் பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டாம் என்றார். உண்மையில் இடது என்ஜினின் எரிகலன் உடைந்து, அதன் துண்டு இறக்கையின் எரிபொருள் தொட்டியைத் துளைத்திருந்தது. 55 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் புகையால். 2015 பிப்ரவரியில் தைபேயில் ஏடிஆர் 72 ஒன்று மேலெழுந்ததும் இரண்டாம் என்ஜினின் புரொப்பல்லர் தானாக விசையிழந்தது. விமானி அணைத்தது நன்றாக ஓடிக்கொண்டிருந்த முதல் என்ஜினை. 43 பேர். முதல் நாள் செய்திகளில் அவர் கட்டடங்களில் மோதாமல் ஓட்டிய வீரர்.

எனக்கு மறக்கவே முடியாதது இங்கிலாந்தின் கெக்வொர்த்தில் நடந்த விபத்து. டேக் ஆஃப் முடிந்து 28,000 அடிக்கு மேல் போனபின் நடந்தது, ஆனாலும் இங்கே சொல்லத்தான் வேண்டும். 1989 ஜனவரி 8, போயிங் 737-400. இடது என்ஜினில் ஃபேன் பிளேடு முறிந்து அதிர்வு, புகை. விமானிகள் வலது என்ஜினை அணைத்தார்கள். தற்செயலாக அதிர்வு குறைந்தது, சரியாகத்தான் செய்தோம் என்று நம்பிவிட்டார்கள். வலது பக்க என்ஜினில் கோளாறு, அணைத்துவிட்டோம் என்று கேப்டன் மைக்கில் சொன்னார். இடது பக்கம் தீயைப் பார்த்த பயணிகள் அதைக் கேட்டார்கள். பின்னால் இருந்த ஊழியர்களில் மூன்று பேரும் தீயைப் பார்த்திருந்தார்கள். குழம்பிப்போன பயணிகள் யாரும் வாய் திறக்கவில்லை; கேப்டன் "வலது" என்றது தங்கள் காதில் விழவில்லை என்று அந்த ஊழியர்கள் பிறகு சொன்னார்கள். இறங்கும் நேரத்தில் இடது என்ஜினும் கைவிட, ரன்வேக்குச் சற்று முன்னால் நெடுஞ்சாலைக் கரையில் விழுந்தது. 47 பேர். விமானிகளும் கேபின் ஊழியர்களும் சேர்ந்து பயிற்சி எடுக்க வேண்டும் என்பது விசாரணை அறிக்கையின் பரிந்துரைகளில் ஒன்று.