மரம் என்னுடையது, மானியம் யாருக்கு?

மலேசியாவில் சிறுதோட்டக்காரர்களின் வருமானத்தை உயர்த்தும் ஆராய்ச்சிக்கு மானியமாம். போஸ்டரில் பாமாயில் தரும் செம்பனையின் குலையைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறார் ஒரு தோட்டக்காரர். அவர் போய்க் கேட்டால் ஒரு காசு கிடைக்காது!

மானியக் கவுண்டரில் இருந்த பிள்ளை என் விண்ணப்பப் பாரத்தைப் புரட்டிவிட்டு, "அங்கிள், முதன்மை ஆய்வாளர் பெயர் வேணும்" என்றது. "என் பெயரைத்தான் எழுதியிருக்கேனே அம்மா" என்றேன். "இல்ல அங்கிள், பிஎச்டி முடிச்சவங்களா இருக்கணும். ஒரு பல்கலைக்கழகத்தோட சேர்ந்து வாங்க." நான் எந்தப் பல்கலைக்கழகத்தின் கதவைப் போய்த் தட்டுவது? சரி, அடுத்த பக்கம். எத்தனை ஆய்வுக் கட்டுரை வெளியிடுவீர்கள்? எந்த ஜர்னலில்? எத்தனை முதுகலை மாணவர்களை உருவாக்குவீர்கள்? மூன்று ஏக்கர் செம்பனையில் நின்றுகொண்டு நான் எந்த மாணவனை உருவாக்குவது? அடுத்த பக்கத்தில் கம்பெனிப் பதிவு எண். அதற்கடுத்து, திட்டச் செலவில் என் பங்குக்கு எவ்வளவு பணம் போடுவேன் என்ற கேள்வி. கடைசிப் பக்கம்வரை தேடினேன். ஏக்கருக்குச் செலவு எவ்வளவு குறையும், கையில் எவ்வளவு மிஞ்சும் என்று ஓர் இடத்திலும் கேட்கவில்லை. வருமானத்தை உயர்த்தும் திட்டத்தில் வருமானத்தைப் பற்றி ஒரு கேள்வி இல்லை!

நான் கேட்டது பெரிய விஷயமா? பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தான் பக்கம் கானோடெர்மா என்ற காளான் நோய் செம்பனையைப் படுத்தும் பாடு உங்களுக்குத் தெரியும். அடிமரத்தில் காளான் தெரியும்போதே உள்ளே பாதி அழுகிப் போயிருக்கும். மருந்தும் கிடையாது. பழைய கட்டையிலும் வேரிலும் தங்கியிருந்து, மறுநடவு செய்த கன்றையும் பிடிக்கிறது. பேக்கோ என்ற மண் தோண்டும் இயந்திரத்தை வைத்துக் கட்டையையும் வேரையும் தோண்டி எடுத்துவிட்டு ஒரு பாதி நடுகிறேன், மறுபாதியை வழக்கம்போல நடுகிறேன், எதில் எத்தனை மரம் சாய்கிறது, பேக்கோ வாடகை கட்டுப்படியாகிறதா என்று கணக்கு எழுதுகிறேன் என்றேன். என்னைப் போன்ற சின்னத் தோட்டக்காரனுக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

மானியம் வாங்கியவர்களும் வருகிறார்கள், பார்த்திருக்கிறோம். கேள்வித்தாள் கொடுப்பார்கள், மண்ணைப் பையில் அள்ளுவார்கள், நம்மை மரத்தடியில் நிறுத்திப் படம் எடுப்பார்கள். அந்த மண்ணில் என்ன இருந்தது என்று சொல்ல ஒருத்தர் திரும்பி வந்ததுண்டா?

ஆராய்ச்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு காலத்தில் தோட்டங்களில் ஆள் வைத்துப் பாளை பாளையாக மகரந்தப் பொடி தூவினார்கள். 1981இல் கேமரூனிலிருந்து, பூவுக்குப் பூ மகரந்தம் கொண்டுசேர்க்கும் ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். பொடி தூவும் வேலையே போனது, காய்ப்பும் கூடியது. அது ஆராய்ச்சி! அதன் பலன் குலையில் தெரிந்தது. இன்றைக்கும் ஒவ்வொரு டன் கச்சா பாமாயிலுக்கும் செஸ் என்ற வரி பிடிக்கிறார்கள், ஆராய்ச்சியும் அந்தப் பணத்தில் நடக்கிறது. எங்கள் குலையிலிருந்து வந்த பணத்தை எங்கள் மரத்துக்குச் செலவழிக்க நாங்கள் எதற்கு டாக்டர் பட்டம் வாங்க வேண்டும்?