தண்ணீரில் வில்லை போட்டால் ஹைட்ரஜன் வராது

வாளையாறு, கோவிந்தாபுரம் பக்கத்துத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. கொச்சி அம்பலமுகள் சுத்திகரிப்பு ஆலையில் இரும்பு, செம்பு வில்லைகளைத் தண்ணீரில் போட்டே ஹைட்ரஜன் எடுக்கிறார்களாம். அவற்றை ஆட்டோ டாங்கியில் போட்டால் பெட்ரோலே வேண்டாமாம். இது தவறு.

ஹைட்ரஜன் ஆலைகளில் அத்தகைய வில்லைகள் உண்டு என்பதும், கிடைக்கும் ஹைட்ரஜனில் ஒரு பகுதி நீரிலிருந்தே வருகிறது என்பதும் மெய்தான். ஆனால் முதலில் இயற்கை எரிவாயு போன்ற எரிபொருளை நீராவியுடன் சுமார் 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் வினைபுரியச் செய்து, ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கலந்த வாயுவைப் பெறுகிறார்கள். அந்தக் கார்பன் மோனாக்சைடு நீராவியின் ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு கார்பன் டைஆக்சைடாக மாறும்போதுதான் கூடுதல் ஹைட்ரஜன் விடுபடுகிறது. கார்பன் மோனாக்சைடு இல்லையேல் வில்லைக்கு அங்கே வேலையே இல்லை.

இந்த வில்லைகள் வினையூக்கிகள். வினையூக்கி ஆற்றலைத் தருவதில்லை, வினை எந்த அளவில் போய் நிற்கும் என்ற சமநிலையையும் நகர்த்துவதில்லை; வினையின் வேகத்தை மட்டுமே கூட்டுகிறது. கார்பன் மோனாக்சைடும் நீராவியும் சேரும் வினை வெப்பம் உமிழ்வது என்பதால், வெப்பநிலை குறைந்தால் விளைச்சல் கூடும், வேகமோ குறையும். ஆகவே இரும்பு–குரோமியம் ஆக்சைடு வில்லைகள் நிரப்பிய படுகையில் 350 முதல் 450 டிகிரி வரையிலும், பிறகு செம்பு–துத்தநாக ஆக்சைடு–அலுமினா படுகையில் 200 முதல் 250 டிகிரி அளவிலும் வாயுவைச் செலுத்தும் இரண்டு கட்ட முறை பரவலாக உள்ளது. செம்பு வில்லையைச் சிறிதளவு கந்தகமே செயலிழக்கச் செய்துவிடும்.

கழிவு வில்லைகளைத் தேடி வாங்க நினைப்போர் தயவுசெய்து நிறுத்துங்கள்: ஆலையில் ஒடுக்கப்பட்ட (ஆக்சிஜன் நீக்கப்பட்ட) நிலையில் இருக்கும் செம்பு வினையூக்கி காற்றுப் பட்டால் தானாகவே கடுமையாகச் சூடேறும், இரும்பு வில்லையில் நச்சுத்தன்மையுள்ள குரோமியம் சேர்மங்கள் இருக்கக்கூடும்.