அந்தச் சொட்டு மருந்தைப் பற்றியும் எழுதியிருக்கலாம்

டைசைக்ளோமின் கலந்த வயிற்றுப்பிடிப்பு மாத்திரைகளை யாரெல்லாம் தவிர்க்க வேண்டும் என்ற உங்கள் கட்டுரையில் பெரியவர்களுக்கான எச்சரிக்கை சரி. பச்சைக்குழந்தைகளை விட்டுவிட்டீர்களே! மருந்துக்கடையில் 14 வருடமாக நிற்கிறேன். போன வாரம் ஒரு பாட்டி காலிப் புட்டியை நீட்டி, "பேரனுக்கு ரெண்டு மாசம், ராத்திரி பூரா வீறிட்டு அழுவுது, மூத்தவனுக்கு வாங்குனது இதுதான், குடு தம்பி" என்றார். லேபிளைத் திருப்பினால் அதே டைசைக்ளோமின், குடல் தசைப் பிடிப்பைத் தளர்த்தும் மருந்து. 6 மாதத்துக்குக் கீழே அதைக் கொடுக்கவே கூடாது. மூச்சு நின்றுபோகலாம், வலிப்பு வரலாம். "அட, வெறும் வாயு மருந்துதானே" என்று கோபித்துக்கொண்டார். வாயுக் குமிழிகளை உடைக்கும் சிமெத்திகோன் மட்டும் உள்ள சொட்டு வேறு, இது வேறு என்று புரியவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. கடைசியில் டாக்டரிடம் அனுப்பினேன்.

பெரியவர்கள் இந்த மாத்திரை கேட்டால், கண் நீர் அழுத்தம் (கிளாக்கோமா), புராஸ்டேட் வீக்கம் உண்டா என்று நான் கேட்காமல் விடுவதில்லை. இதனால் சிறுநீர் அடைத்துக்கொண்டால் நடுராத்திரியில் ட்யூப் போட ஓட வேண்டும். மாதவிடாய் வலிக்கு வாங்கும் மாத்திரையில் இதோடு மெஃபனமிக் அமிலம் என்ற வலிநிவாரணியும் சேர்ந்திருக்கும். அல்சர்காரர்களுக்கு அது ஆகாது. 2023 நவம்பரில் இந்திய மருந்தியல் ஆணையம் மெஃபனமிக் அமிலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் விட்டது: காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு என வரும் கடும் ஒவ்வாமை.

தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து வலது அடிவயிற்றுக்கு இறங்கும் வலியென்றால் நான் மாத்திரையே எடுத்துக் கொடுப்பதில்லை. குடல்வால் அழற்சியாக இருந்தால்?