கசக்கும் சுரைக்காய் மருந்து இல்லை

அந்தச் சுரைக்காய் ஜூஸ் வீடியோவைப் பற்றித்தான் எழுதுகிறேன். மாடித்தோட்டக் குழுக்கள் எல்லாவற்றிலும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது, பார்க்காதவர்கள் குறைவாகத்தான் இருப்பீர்கள். அதன் கீழே நான் போட்ட கமெண்டும், அதற்கு வந்த பதில்களும் ஸ்க்ரீன்ஷாட்டாகப் பலருக்கும் போயிருக்கின்றன. "விட்டுத் தள்ளுங்கக்கா" என்று இன்பாக்ஸில் சொன்னவர்களுக்கு நன்றி. என்னால் விட முடியவில்லை.

அந்த வீடியோவில் பேசிய தம்பி என்ன சொன்னார்? "காய் கசக்குதுன்னு தூக்கிப் போடாதீங்க, கசப்புலதான் மருந்தே இருக்கு, தோலோட அரைச்சு வெறும் வயித்துல குடிங்க" என்றார். நான் எழுதியது ஒரே வரி. "கசக்கும் சுரைக்காயைக் குடிக்கக் கூடாது, உயிருக்கே ஆபத்து, தயவுசெய்து அந்தப் பகுதியை நீக்குங்கள்." திட்டவில்லை, கிண்டல் செய்யவில்லை. அதற்கு எனக்குக் கிடைத்த பெயர் "மருந்துக் கம்பெனி கைக்கூலி". அப்புறம் கமெண்ட் காணாமல் போனது. அதற்கப்புறம் குழுவிலிருந்து நானே காணாமல் போனேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சுரைக்காய், பீர்க்கங்காய், வெள்ளரிக்காய், பூசணி எல்லாம் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்துச் செடிகள் தங்களைத் தின்ன வருகிற பூச்சியிடமிருந்தும் விலங்கிடமிருந்தும் தப்பிக்க குக்குர்பிட்டசின் என்கிற கசப்பு நஞ்சைத் தாமே தயாரித்துக்கொள்ளும். காட்டில் கிடக்கும் பேய்ச்சுரையில் அது ஏராளம். தலைமுறை தலைமுறையாகக் கசக்காத காயாகப் பார்த்து விதை எடுத்து விதை எடுத்துத்தான் நம் முன்னோர் அதைச் சமையலுக்கு ஆன சுரைக்காயாக ஆக்கினார்கள். ஆக, ஒரு சுரைக்காய் கசக்கிறது என்றால் அந்த நஞ்சு திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தம். நிறத்தைப் பார்த்தோ வடிவத்தைப் பார்த்தோ கண்டுபிடிக்க முடியாது. நாக்கில் வைத்தால்தான் தெரியும்.

2010-இல் டெல்லியில் ஒரு விஞ்ஞானி சுரைக்காய்ச் சாறு குடித்து இறந்துபோனார். அவர் ஏதோ அன்றைக்குத்தான் புதிதாக ஆரம்பித்தவர் இல்லை, வெகுகாலமாகக் குடித்துவந்தவர். அன்று அதோடு பாகற்காய்ச் சாறும் கலந்திருந்தது. சுரைக்காயின் கசப்பு அதில் தெரியாமலே போயிருக்கும். அதற்குப் பிறகு ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், ஒரு வல்லுநர் குழுவை வைத்து ஆராய்ந்தது, 2012-இல் அறிக்கையும் வந்தது. அதில் சொல்லியிருப்பது நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதேதான். சாறு எடுக்கும் முன் ஒரு சிறு துண்டை ருசி பார், கசந்தால் காயை முழுசாக எறி, வேறு சாறோடு கலக்காதே. குடித்த பிறகு குமட்டலோ வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. இந்த நஞ்சை முறிக்க மருந்து கிடையாது. ரத்த அழுத்தம் விழாமல், ரத்தப்போக்கு மிஞ்சாமல் பார்த்துக்கொள்ளத்தான் டாக்டர்களால் முடியும்.

எங்கள் சித்தி மானாமதுரையில் இருக்கிறார். சர்க்கரைக்கு நல்லது என்று யாரோ சொல்லி, காலையில் சுரைக்காய்ச் சாறு குடிப்பது அவருக்குப் பழக்கமாக இருந்தது. ஒருநாள் வேலியோரம் தானாக முளைத்த கொடியிலிருந்து காயைப் பறித்து அரைத்திருக்கிறார். முதல் வாயிலேயே கசந்திருக்கிறது. அரைத்ததைக் கீழே ஊற்ற மனசு வரவில்லை. கசப்பு உடம்புக்கு நல்லதுதானே என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு டம்ளரைக் காலி செய்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிசைந்து வாந்தி. நிற்காத வாந்தி, அப்புறம் வாந்தியில் ரத்தம். ஆஸ்பத்திரியில் "என்னம்மா சாப்பிட்டாங்க" என்று கேட்டபோது வீட்டில் எல்லாரும் முந்தின ராத்திரி வாங்கிய பரோட்டாவைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜூஸைச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. மருந்து என்று குடித்ததை யார் சந்தேகப்படுவார்கள்? சித்தப்பா வீட்டுக்கு வந்து, அடுப்படியில் மிச்சம் கிடந்த பாதிக் காயைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் டாக்டருக்கு போன் பண்ணினார். சித்தி பிழைத்தார். அந்த முகத்தை நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதனால்தான் கமெண்ட் போட்டேன். கம்பெனிக்காரன் காசு கொடுத்துப் போடவில்லை.

இப்போது கேட்பீர்கள், "பாகற்காய் கசக்கிறதே, அதைத் தின்கிறோமே?" பாகற்காயின் இயல்பே கசப்பு. அந்தக் கசப்பைத் தருபவை வேறு பொருள்கள். கசக்கக் கூடாத காய் கசப்பதுதான் இங்கே பிரச்சினை.

"நிலவேம்புக் குடிநீரில் பேய்ப்புடல் சேர்க்கிறார்களே, அதுவும் இந்தக் குடும்பம்தானே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி, மதித்துப் பதில் சொல்கிறேன். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு இவற்றோடு பேய்ப்புடலும் சேர்ந்து ஒன்பது சரக்கு. ஒவ்வொன்றையும் எடைபோட்டு, இடித்து, கொதிக்க வைத்து, வற்ற வைத்து, அளவாகக் கொடுக்கிறார்கள். சித்த மருத்துவர் பொறுப்பேற்றுக் கொடுக்கும் மருந்து அது. முழுச் சுரைக்காயைப் பச்சையாக மிக்ஸியில் போட்டு வெறும் வயிற்றில் ஒரு சொம்பு குடிப்பது எந்த ஊர்ச் சித்த மருத்துவம்?

"சமைத்தால் போய்விடும்." போகாது. "உப்புப் போட்டுப் பிழிந்தால்?" அதை நம்பியும் சாப்பிடாதீர்கள். "எங்க தாத்தா கசப்புச் சுரைக்காய் தின்னே தொண்ணூறு வயசு வாழ்ந்தார்." இருக்கட்டும்.

"ரசாயனம் போடாமல் வளர்த்த காய், அதில் என்ன விஷம்?" என்று கேட்பவர்களிடம்தான் எனக்கு வருத்தம் அதிகம், ஏனென்றால் நானும் ரசாயனம் போடாதவள்தான். இந்த நஞ்சைச் செடியே உண்டாக்குகிறது. மண்புழு உரம் போட்டாலும் பஞ்சகவ்யா தெளித்தாலும் அது உண்டாகும். 2015-இல் ஜெர்மனியில் ஒரு முதியவர் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் விளைந்த சுக்கினிக் காயை (அதுவும் இந்தப் பூசணிக் குடும்பம்தான்) சமைத்துச் சாப்பிட்டு இறந்தார். கடைக்காய் இல்லை, தோட்டத்துக் காய்.

சொல்லப்போனால் விதை சேமிக்கும் நாம்தான் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சுரைப்பூ சாயங்காலம் விரியும். அந்துப்பூச்சிகள் மகரந்தத்தை எங்கிருந்து வேண்டுமானாலும் கொண்டுவரும். பக்கத்துக் காலி மனையில் ஒரு பேய்ச்சுரைக் கொடி இருந்தால் போதும். இந்த வருஷக் காய் நன்றாகவே இருக்கும், அதன் விதையிலிருந்து அடுத்த பட்டத்தில் வரும் காய்தான் கசக்கும். அதனால்தான் விதைக்கு விடும் காய்க்கு நான் பூச்சிகளை நம்புவதில்லை. பொழுது சாயும்போது ஆண் பூவைப் பறித்து, இதழைப் பிய்த்துவிட்டு, பெண் பூவின் நடுவில் நானே தடவி, மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்டி, காம்பில் சிவப்பு நூல் சுற்றி வைக்கிறேன். இவ்வளவு செய்தும் ஒவ்வொரு காயையும் ருசி பார்த்துத்தான் அரிவேன், சித்திரை வெயிலில் தொட்டி காய்ந்துபோனால்கூடக் கசப்பு ஏறும் என்பதால். எங்கள் அப்பத்தாவும் அப்படித்தான். காம்புப் பக்கம் ஒரு வில்லை அரிந்து நுனிநாக்கில் வைத்துத் துப்பிவிட்டு, அப்புறம்தான் அரிவாள்மனையில் காயை வைப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் யாருக்குக் கைக்கூலி?

பாரம்பரியம் என்றால் எதைத் தின்ன வேண்டும் என்பது மட்டுமா? பிரண்டையை நறுக்கும் முன் கையில் நல்லெண்ணெய் தடவச் சொன்னதும், புளி சேர்க்காமல் துவையல் அரைக்காதே என்றதும் பாரம்பரியம்தான். கருணைக்கிழங்கை அரிசி கழுவிய தண்ணீரில் வேகவைக்கச் சொன்னதும் அதுதான். கசந்தால் எறி என்றதும் அதுதான். அதில் பாதியை வெட்டிப் போட்டுவிட்டு மீதியை வீடியோவாக்கி, கேள்வி கேட்டவளைத் தமிழ் மரபுக்கு எதிரி என்கிறீர்கள். என் வீட்டில் சளி பிடித்தால் தூதுவளை ரசம், கற்பூரவல்லிக் கஷாயம். தலைக்குக் கரிசலாங்கண்ணி போட்டு நானே காய்ச்சிய எண்ணெய். நம்மாழ்வார் ஐயா பேச்சைக் கேட்டு மண்ணில் கை வைத்தவள் நான். எனக்கு யாரும் மரபுச் சான்றிதழ் தர வேண்டியதில்லை.

வலிக்கிற விஷயம் என்ன தெரியுமா? அந்தக் குழுவில் எத்தனை பேருக்கு விதை அனுப்பியிருக்கிறேன். செம்பூச்சி வண்டுக்குச் சாம்பல் எப்படித் தூவுவது, பூ உதிர்ந்தால் என்ன செய்வது என்று ராத்திரி உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறேன். அந்த வீடியோவின் கீழே அவர்களில் ஒருவர்கூட "அக்கா சொல்வதைக் கேளுங்கள்" என்று எழுதவில்லை. சிலர் சிரிக்கிற பொம்மை போட்டிருந்தார்கள். சட்டையில் மைக்கை மாட்டிக்கொண்டு ஒரு பையன் பேசினால் அது ஞானம். வீட்டில் இருந்து தோட்டம் போடுகிற பெண் சொன்னால் அது வயிற்றெரிச்சல். பொறாமை என்றும் எழுதியிருந்தார் ஒருவர். அந்தத் தம்பி வீடியோவுக்குக் கீழேயே சுரைக்காய்ப் பொடி விற்கிறார். நான் இதுவரை யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. கம்பெனி யாருடையது என்று நீங்களே சொல்லுங்கள்.

குழு நிர்வாகிகளுக்கு ஒரே கோரிக்கைதான். என்னைத் திரும்பச் சேர்க்க வேண்டாம். அந்த வீடியோவை எடுங்கள். எடுக்க மனமில்லை என்றால் "கசக்கும் சுரைக்காயைக் குடிக்காதீர்கள்" என்று ஒரு வரியை மேலே ஒட்டி வையுங்கள், என் பெயர் வேண்டாம், உங்கள் பெயரிலேயே போடுங்கள். ஏற்கனவே குடித்துவிட்டு வயிறு சரியில்லாமல் இருப்பவர் யாராவது இதைப் படித்தால் கஷாயம் வைத்துக் குடித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போனதும் முதலில் சுரைக்காய் ஜூஸ் குடித்ததைச் சொல்லுங்கள்.